எல்லைக்கல்லும் கமிஷனர் நாற்காலியும்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் போதும், பம்மல் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். நாகல்கேணி டேனரிகளின் வாடை முன்பளவுக்கு இல்லை என்பார்கள் ஊர்க்காரர்கள். மழைக்கு முந்தைய சாயங்காலத்தில் போய்ப் பாருங்கள், இருக்கிறது. தலைக்கு மேலே மீனம்பாக்கம் விமானங்கள். ஒரு பக்கம் கல் எடுத்து முடித்துவிட்டுப் போன குவாரிப் பள்ளங்கள், இன்னொரு பக்கம் அனகாபுத்தூரைத் தொட்டுக்கொண்டு போகும் அடையாறு. தமிழ் நாடகத்தின் தந்தை சம்பந்த முதலியார் தன் பெயருக்கு முன்னால் ஒட்டிவைத்துக்கொண்ட ஊர் இது. அவர் வக்கீலாக இருந்து, ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் உட்கார்ந்தவர். சட்டத்துக்கும் பம்மலுக்கும் அப்படியொரு பழைய உறவு உண்டு.

இந்த ஊருக்குப் பொறுப்பான காவல் நிலையம் சங்கர் நகர். அந்த ஸ்டேஷனுக்கு மேலே மேலே போனால் கடைசியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? சுலபமான கேள்விதான். ஆனால் பம்மல்காரர் ஒருவர் கடந்த இருபது வருடங்களில் இதற்கு நான்கு பதில் சொல்லியிருப்பார். முதலில் மாவட்டப் போலீஸின் எஸ்.பி. 2008-க்குப் பிறகு சென்னைப் புறநகர் கமிஷனர். 2011-க்குப் பிறகு சென்னை கமிஷனர். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் கமிஷனர். பம்மல் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அதைச் சுற்றி எல்லைக்கல்லைத்தான் நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள்.

பெருநகரப் போலீஸ் தலைவர் ஒருவரின் வாழ்க்கைக் கதை என்றால் ரவுடி வேட்டை, துப்பாக்கிச் சூடு, பதக்கம், பிரிவு உபசார அணிவகுப்பு என்றுதான் எழுதுவது வழக்கம். எனக்கு அந்தக் கதையில் பாதிதான் நம்பிக்கை. மீதிப் பாதி, அவர் கையில் கொடுக்கப்பட்ட வரைபடத்தில் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது அவருடைய ராஜ்ஜியம் என்பதில் இருக்கிறது.

ஏன் இப்படி நினைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2010 வாக்கில், இதே தென்புறநகரில் ஒரு சாலையில் என் அத்தையின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். ஐந்து சவரன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். முதல் ஸ்டேஷனில் ஏட்டய்யா தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, அன்பாகத்தான் கேட்டார்.

"எங்க வெச்சும்மா அறுத்தான்?"

"பாலத்துக்கிட்ட சார்."

"பாலத்துக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

அத்தைக்கு எப்படித் தெரியும்? கழுத்தில் ரத்தம் கசிய நிற்கிறவள் பாலத்தின் எந்த முனையில் நிற்கிறோம் என்றா பார்ப்பாள்? "அந்தாண்ட இருக்கும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "அப்ப அது எங்க லிமிட் இல்லம்மா" என்று ஆட்டோ பிடித்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். இரண்டாவது ஸ்டேஷனில் அதே பாலம், அதே கேள்வி, எதிர்ப் பதில். மூன்றாம் நாள்தான் ரசீது கிடைத்தது. சங்கிலி கிடைக்கவே இல்லை. அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த எல்லைப் பைத்தியம்.

எல்லை தாண்டிய ஒருவர்

பம்மலும் தாம்பரமும் ஒரு புறநகர் கமிஷனரின் கீழ் இருந்த அந்தக் காலத்தில், பரங்கிமலையில் இருந்த அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் எஸ்.ஆர்.ஜாங்கிட். ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்துக்காரர். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பாலைவன மாவட்டம் அது. 1985 ஐ.பி.எஸ். அணியில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். புறநகர் கமிஷனர் ஆவதற்கு முன்பே தமிழ்நாடு அவரை அறிந்திருந்தது. காரணம், ஒரு லாரி.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்து வருடங்கள், நெடுஞ்சாலையை ஒட்டித் தனியாக நிற்கும் வீடுகளில் ஒரே மாதிரிக் கொள்ளை நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவில் கதவை உடைத்து நுழைவார்கள். கேள்வி எதுவும் கிடையாது, எடுத்த எடுப்பில் மண்டையில் அடி. நகையை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். சேலத்தில் ஒரு கேஸ், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கேஸ், இன்னோர் ஊரில் இன்னொன்று. ஒவ்வொன்றும் அந்தந்த ஸ்டேஷனில், அந்தந்த மாவட்டத்தில், தனித்தனி ஃபைலாக உறங்கிக்கொண்டிருந்தது. செத்தவர்கள் பத்துப் பேருக்கும் மேல். எல்லா ஃபைலையும் ஒரே மேஜையில் பரப்பிப் பார்க்கத்தான் யாருக்கும் அதிகாரமும் அவசரமும் இல்லாமல் இருந்தது.

2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் அவருடைய வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. அதன்பிறகு அவசரம் தானாக வந்தது. அப்போது வடக்கு மண்டல ஐ.ஜி.யாக இருந்த ஜாங்கிட் தலைமையில் தனிப்படை. விரல்ரேகையும் நாட்டுத் துப்பாக்கித் தோட்டாவும் வடக்கே கை காட்டின. உத்தரப்பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் என்று தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள். லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு தெற்கே வந்து, திரும்பும் வழியில் கொள்ளையடித்துவிட்டுப் போகும் பவாரியா கும்பல் அது. வடக்கத்தி மொழியும் மண்ணும் தெரிந்த ஒருவர் தலைமையில் இருந்தது எவ்வளவு உதவியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கும்பலின் தலைவன் ஓமா உட்படப் பலர் பிடிபட்டார்கள். 2017-ல் எச்.வினோத் இயக்கத்தில் கார்த்தி நடித்து வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' இந்தக் கதையிலிருந்து பிறந்ததுதான்.

பொதுவாக இந்தக் கதையை வீரக் கதையாகச் சொல்வார்கள். வீரம் இல்லாமலில்லை. ஆனால் என் கண்ணுக்கு இது எல்லைக் கதை. லாரிக்கு மாவட்ட எல்லை இல்லை, மாநில எல்லை இல்லை. டோல்கேட்டில் பணம் கட்டினால் போதும். போலீஸ் ஃபைலுக்கு மட்டும் ஒவ்வொரு பாலத்திலும் ஒரு எல்லை. அந்த எல்லையை அழிக்க ஒரு எம்.எல்.ஏ. சாக வேண்டியிருந்தது. பெயர் தெரியாதவர்கள் செத்தபோதே அழித்திருந்தால்?

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஜாங்கிட் டி.ஜி.பி. அந்தஸ்தில் 2019-ல் ஓய்வு பெற்றுவிட்டார். சுதர்சனம் கொலை வழக்கில் எஞ்சியிருந்த குற்றவாளிகளுக்குச் சென்னை நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது 2025 நவம்பரில். கொலைக்கும் தீர்ப்புக்கும் நடுவே இருபது வருடங்களுக்கு மேல். பிடித்த அதிகாரி பென்ஷன் வாங்கத் தொடங்கி ஆறு வருடம் கழித்து!

மூன்று வருடத்தில் அழிந்த ராஜ்ஜியம்

எல்லை தாண்டிப் பேர் வாங்கிய அந்த மனிதருக்குக் கிடைத்த புறநகர் ராஜ்ஜியத்துக்கே ஆயுசு குறைவு. 2008-ல் தி.மு.க. ஆட்சியில் புறநகருக்கென்று தனி கமிஷனர். சென்னை நகரத்துக்கு ஒரு கமிஷனர், அதைச் சுற்றியிருக்கும் புறநகருக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. தேவை இருந்தது என்பதை மறுக்க முடியாது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக எழும்பிய காலம். ஏரிக்கரைகள் நகர்களாக மாறிக்கொண்டிருந்தன. ஒரே மனையை மூன்று பேருக்கு விற்கும் டபுள் டாகுமென்ட் வித்தை இங்கேதான் கலையாக வளர்ந்தது. எஸ்.பி. ஒருவர் செங்கல்பட்டிலோ காஞ்சிபுரத்திலோ இருந்துகொண்டு இதைப் பார்த்துக்கொள்ள முடியாது.

2011-ல் ஆட்சி மாறியது. புறநகர் கமிஷனரகம் கலைக்கப்பட்டு எல்லாம் சென்னையோடு சேர்ந்தது. ஒரே நகரம், ஒரே கமிஷனர். அதற்கும் நியாயம் சொன்னார்கள்: இரண்டு கமிஷனர் இருந்தால் நடுவில் ஒருங்கிணைப்பு இல்லை, குற்றவாளி அந்தப் பக்கம் தாண்டிவிடுகிறான் என்று. பிறகு 2021-ல் மீண்டும் தி.மு.க. செப்டம்பர் 13 அன்று சட்டசபையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்: சென்னையைப் பிரித்துத் தாம்பரம், ஆவடி என்று இரண்டு புதிய கமிஷனரகங்கள். இதற்கும் நியாயம் இருந்தது: நகரம் பெருத்துவிட்டது, ஒருவரால் கட்டி மேய்க்க முடியாது என்று.

பிரித்ததற்கும் நியாயம், சேர்த்ததற்கும் நியாயம், மறுபடி பிரித்ததற்கும் நியாயம். பின்னிரண்டு முறையும் நியாயம் சரியாக ஆட்சி மாறிய வருடத்தில்தான் தோன்றியது என்பதுதான் விசேஷம்.

உலகத்தில் வேறு இடங்களில் எல்லைக் குழப்பமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நவீன நகரப் போலீஸுக்கே தாய்வீடான லண்டனில், 1829-ல் மெட்ரோபாலிட்டன் போலீஸ் வந்தது. ஆனால் நகரத்தின் நடுவே இருக்கும் ஒரு சதுர மைல் பழைய 'சிட்டி'க்கு மட்டும் 1839-லிருந்து தனி போலீஸ், தனி கமிஷனர். இன்றைக்கும் அப்படித்தான். பார்க்க வினோதமாக இருக்கும். ஆனால் அந்த வினோதம் 180 வருடங்களுக்கு மேலாக மாறாமல் நிற்கிறது. எந்தக் கோடு எங்கே என்று அங்கே பிறக்கிற குழந்தைக்கும் தெரியும். நம்மூரில் ஸ்டேஷன் போர்டில் மேலிடத்தின் பெயரை எழுதிய பெயின்ட் காய்வதற்குள் அடுத்த அரசாணை.

தாம்பரத்தின் முதல் கமிஷனராக வந்தவர் எம்.ரவி. கூடுதல் டி.ஜி.பி. அந்தஸ்து. ஒரு கமிஷனரகத்தை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுப்புவது சாதாரண வேலை இல்லை. மூன்று இடங்களிலிருந்து ஸ்டேஷன்களைப் பிய்த்து எடுத்து ஒன்றாக ஒட்ட வேண்டும். சென்னையிலிருந்து தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், சங்கர் நகர், பள்ளிக்கரணை போன்றவை. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், கேளம்பாக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து மணிமங்கலம், சோமங்கலம். மொத்தம் 20. ஆவடிக்கு 25. வயர்லெஸ், கன்ட்ரோல் ரூம், ஆயுதப்படை, நுண்ணறிவுப் பிரிவு என்று ஒவ்வொன்றையும் புதிதாகப் பிறப்பிக்க வேண்டும். ரவிக்கு இதற்குக் கிடைத்தது சில மாதங்கள். அந்த வருடமே ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பின் அமல்ராஜ், அவருக்குப் பின் அபின் தினேஷ் மோடக்.

இந்தக் கமிஷனரகம் பிறந்தபோது அதன் தலைமை அலுவலகம் எங்கே இருந்தது தெரியுமா? சோழிங்கநல்லூரில். தாம்பரம் கமிஷனர் தாம்பரத்தில் இல்லை, சென்னை மாநகராட்சியின் 15-வது மண்டலத்தில் இருந்தார்! பம்மலிலிருந்து ஒரு அம்மா மனு கொடுக்கப் போக வேண்டுமென்றால், பல்லாவரம் போய், துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டைப் பிடித்து, ஓ.எம்.ஆரில் தெற்கே திரும்பிப் போக வேண்டும். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ரயில் கிடையாது. வேப்பேரியில் இருக்கும் சென்னை கமிஷனரைப் பார்ப்பதாக இருந்தால் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கியிருப்பார்.

கோடுகளின் கூத்து இதோடு முடியவில்லை. பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 70 வார்டு. ஆனால் பம்மலை ஒட்டிய பொழிச்சலூர் அப்போது ஊராட்சியாகவே விடப்பட்டது. மாநகராட்சியின் கோடு ஒன்று, மாவட்டத்தின் கோடு ஒன்று, போலீஸின் கோடு ஒன்று. மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழுவதே இல்லை.

கையெழுத்தின் எடை

எஸ்.பி.க்கும் கமிஷனருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். தொப்பியைப் பார்த்தால் தெரியாது. கையெழுத்தைப் பார்த்தால் தெரியும்.

மாவட்டத்தில் ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வேண்டுமென்றால் எஸ்.பி. பரிந்துரைப்பார், கையெழுத்து கலெக்டருடையது. போலீஸ் கேட்பதை போலீஸ் அல்லாத ஒருவர் படித்துப் பார்க்கிறார் என்ற சிறு தடுப்பு அங்கே இருக்கிறது. மாநகரத்தில் அந்தக் கையெழுத்து கமிஷனருடையது. 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டமான அது விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்க வழி செய்கிறது. கள்ளச்சாராயக்காரர்களுக்காகத் தொடங்கியது, பிறகு மணல் கடத்தல், திருட்டு வி.சி.டி., சைபர் குற்றம் என்று நீண்டுகொண்டே போனது. உயர் நீதிமன்றத்துக்குப் போனால் கணிசமான உத்தரவுகள் ரத்தாகின்றன. பல நேரம் காரணம் ஆவணத்தில் பிழை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்பது போன்றவைதான். அதற்குள் ஆள் மாதக்கணக்கில் புழல் சிறையில் இருந்திருப்பார்.

கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் அனுமதி தருவதும் மறுப்பதும் கமிஷனர். 1888-ல் வந்த நகரப் போலீஸ் சட்டத்தின் 41-வது பிரிவைக் கொண்டு பதினைந்து பதினைந்து நாளாகத் தடை நீட்டிக்கொண்டே போவது சென்னையில் பழக்கப்பட்ட சங்கதி. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், நம்மவர்கள் விடாமல் காப்பாற்றி வருகிறார்கள். ரவுடிகளிடம் நன்னடத்தைப் பத்திரம் வாங்கும் மாஜிஸ்ட்ரேட் அதிகாரத்தைத் துணை கமிஷனர்களுக்கும் அரசு கொடுத்துவைத்திருந்தது. பிடிப்பவரே தீர்ப்பும் சொல்வது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளைச் செல்லாது என்று சொன்னது.

ஆக, பம்மல் எஸ்.பி.யின் கீழிருந்து கமிஷனரின் கீழ் வந்தபோது மாறியது போர்டு மட்டுமல்ல. சங்கர் நகர் ஏரியாப் பையன் ஒருவனை ஒரு வருடம் உள்ளே வைக்கலாமா என்று முடிவெடுக்கும் கை மாறியது. இதைப் பற்றி எந்தக் குடியிருப்போர் சங்கத்திலும் பேசி நான் கேட்டதில்லை. சி.சி.டி.வி. கேமராவுக்கு வீட்டுக்கு எவ்வளவு வசூலிப்பது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஏ.கே.விஸ்வநாதன் சென்னை கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று தொடங்கிய கேமரா இயக்கம் அது. குற்றம் கண்டுபிடிக்கப் பெரிய அளவில் உதவியது என்பதில் சந்தேகமில்லை. கேமரா வாங்கிய காசில் பெரும்பங்கு தெருக்காரர்களுடையது என்பதிலும் சந்தேகமில்லை.

நாற்காலியில் யார், எத்தனை நாள்

சென்னைக்கு இந்த நாற்காலி 1856-ல் வந்தது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் வந்த ஏற்பாடு. மதராஸின் முதல் கமிஷனர் போல்டர்சன் என்ற ராணுவ அதிகாரி. எழும்பூர் பாந்தியன் சாலையில் அருணகிரி முதலியாருக்குச் சொந்தமான வீட்டை 21,000 ரூபாய்க்கு வாங்கி அலுவலகமாக்கினார்கள். வேப்பேரிக்குக் குடிபோகும் வரை அதுதான் கமிஷனர் ஆபீஸ். 2021 செப்டம்பரில் அது போலீஸ் மியூசியமாகத் திறக்கப்பட்டது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், நல்ல கட்டடம். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பராங்குசம் நாயுடு. பெண் ஒருவர் உட்கார 2006 வரை. அவர் லத்திகா சரண்.

ஐ.பி.எஸ்.ஸில் சேரும் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர், ஏ.எஸ்.பி.யில் தொடங்கி எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி. என்று ஏறி, கூடுதல் டி.ஜி.பி. ஆகிப் பெருநகரக் கமிஷனர் நாற்காலிக்கு வர கால் நூற்றாண்டு ஆகும். அதே கால் நூற்றாண்டில் சங்கர் நகரிலோ சேலையூரிலோ இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்த ஒருவர், முதல்நிலைக் காவலர், தலைமைக் காவலர் ஆகி, எஸ்.எஸ்.ஐ. ஸ்டார் குத்திக்கொள்வார். இவர் பல கமிஷனர்களையும் மூன்று எல்லை மாற்றங்களையும் பார்த்திருப்பார். அந்த ஐ.பி.எஸ். அதிகாரியோ கால் நூற்றாண்டு ஏறிவந்து சேர்ந்த இடத்தில் எத்தனை நாள் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

மிகையாகச் சொல்லவில்லை. ஆவடியின் முதல் கமிஷனராக இருந்த சந்தீப் ராய் ரத்தோர், 2023-ல் சென்னை கமிஷனர் ஆனார். 2024 ஜூலை 5-ஆம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றாம் நாள் ரத்தோர் மாற்றப்பட்டு அருண் வந்தார். கொலை நடந்ததற்கு கமிஷனர்தான் காரணமா, மாற்றியதால் என்ன தீர்ந்தது என்றெல்லாம் யாரும் விளக்கவில்லை. நாற்காலியில் தலையை மாற்றுவதே பதில் என்றாகிவிட்டது. தேர்தல் வந்தால் இன்னொரு வகை. 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலின்போது கமிஷனர் ஜார்ஜை மாற்றிவிட்டுக் கரன் சின்ஹாவை உட்காரவைத்தது தேர்தல் ஆணையம். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், களத்தில் இருக்கும் போலீஸ் அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது நிலையான பணிக்காலம் வேண்டும் என்று சொன்னது. தீர்ப்பு வந்து எத்தனை கமிஷனர் வந்துபோனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும், யார் கேட்டார்கள் என்று.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1999-ல் திருச்சி கமிஷனராகப் போன ஜே.கே.திரிபாதி. கோவை குண்டுவெடிப்புக்கு அடுத்த வருடம், திருச்சியிலும் காற்றில் சந்தேகம் இருந்த நேரம். அவர் செய்தது, நகரத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு சிறு பீட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சில காவலர்களைப் பெயர் சொல்லி ஒப்படைத்தது. அந்தத் தெருக்கள் அவர்களுடையவை. அங்கே என்ன நடந்தாலும் கேட்க வேண்டியது அவர்களை. முக்கியமானது, அடிக்கடி மாற்றக் கூடாது. ஏட்டய்யாவின் பெயர் கடைக்காரருக்குத் தெரியும், கடைக்காரரின் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று ஏட்டய்யாவுக்குத் தெரியும். பிரதமர் விருது கொடுத்தார்கள், வெளிநாட்டில் பாராட்டினார்கள். திரிபாதி பின்னாளில் சென்னை கமிஷனர் ஆனார், 2019-ல் டி.ஜி.பி.யும் ஆனார்.

கவனித்துப் பாருங்கள், அவரும் எல்லைக்கோடுதான் போட்டார். ஆனால் அந்தக் கோடு தள்ளிவிடுவதற்குப் போட்ட கோடு அல்ல, தலையில் சுமத்துவதற்குப் போட்ட கோடு. "எங்க லிமிட் இல்லம்மா" என்பதற்குப் பதிலாக "இது என் தெரு" என்று ஒரு காவலர் சொல்ல வேண்டிய கட்டாயம். திருச்சியில் முடிந்தது பம்மலில் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பம்மலை விடச் சிக்கலான தெருக்கள் திருச்சி உறையூரில் இருக்கின்றன.

தாம்பரம் கமிஷனரகம் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் நகரத்தின் நடுவிலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. மறைமலைநகரில் தொழிற்சாலைகள், கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிகள், பம்மலில் டேனரித் தொழிலாளர் குடியிருப்புகள். இவ்வளவையும் வேப்பேரியிலிருந்து பார்த்துக்கொள்ள முடியாது. தனி கமிஷனர் வேண்டும். ஆனால் 2008-ல் வைத்து 2011-ல் எடுத்தது போல இந்த முறையும் ஆகக் கூடாது. எந்த ஆட்சி வந்தாலும் இந்தக் கோட்டைத் தொடாதீர்கள். மாநகராட்சியின் கோட்டையும் போலீஸின் கோட்டையும் ஒன்றாக்குங்கள். வருகிற கமிஷனரை இரண்டு வருடம் நிம்மதியாக உட்காரவிடுங்கள். பம்மலின் சந்து பொந்து தெரிந்துகொள்ளவே அவருக்கு ஒரு வருடம் வேண்டும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பாலத்துக்கு இந்தாண்டயா அந்தாண்டயா என்று கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் சட்டத்திலேயே இருக்கிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று கேளுங்கள், ரைட்டருக்குப் புரியும். எஃப்.ஐ.ஆர். நகலுக்குப் பைசா கொடுக்க வேண்டியதில்லை, புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். அதற்குக்கூட இழுத்தடித்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் வாங்காமல் அந்த பெஞ்சிலிருந்து எழுந்து வராதீர்கள்.